கலிங்கு இல்லாத ஏரி

லடாக்கில் ஸ்பாங்மிக் கிராமத்துக்குக் கீழே இறங்கி, பாங்காங் ஏரித் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டால் துப்பத்தான் தோன்றும். கடல் அளவுக்குக் கரிக்காது. ஆனாலும் லேசான கசப்போடு கூடிய அந்த உவர்ப்பு தாகத்துக்கு ஆகாது. இதே ஏரியின் கிழக்கு முனை திபெத்தில், ருதோக் ஊரின் பக்கம் இருக்கிறது. அங்கே தண்ணீர் நன்னீர். நடுவில் அணை கிடையாது, மதகு கிடையாது. ஒரே ஏரிதான், ஆனால் ஒரு முனைத் தண்ணீரைக் குடிக்கலாம், மறு முனைத் தண்ணீரைக் குடிக்க முடியாது.

கணக்கில் சொன்னால், கிழக்கு முனையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் ஒரு கிராமுக்கும் குறைவு. மேற்கு முனையில் சுமார் 11 கிராம். கடலில் இது 35 கிராம். இந்தியா, சீனா எல்லைத் தகராறுக்கும் இந்த உப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். எல்லைக்கோடு ஏரியின் குறுக்கே போவதால் அதன் முழு நீளத்தையும் இன்று யாரும் படகில் கடந்து பார்க்க முடியாது என்பது மட்டும் உண்மை.

நீளம் சுமார் 134 கிலோமீட்டர். அகலமோ, மிக விரிந்த இடத்திலேயே ஐந்து கிலோமீட்டரைத் தாண்டாது. வரைபடத்தில் பார்த்தால் ஏரி என்று சொல்லத் தோன்றாது, மலைகளுக்கு நடுவே மூழ்கிப்போன ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றுதான் தோன்றும். அந்தத் தோற்றம் பொய்யில்லை, பின்னால் பார்ப்போம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,250 மீட்டர் உயரம். அதாவது ஊட்டியின் தொட்டபெட்டா மீது இன்னொரு ஏற்காடு மலையை ஏற்றி வைத்தால் ஏறத்தாழ எட்டும் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குதான். தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

ஒரு ஏரி ஏன் உப்பாகிறது என்பதற்கு நம் ஊர்ப் பாசன ஏரியை வைத்தே விடை சொல்லலாம். ஏரிக்கு வரத்துக் கால்வாய் இருக்கும், மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடக் கலிங்கு இருக்கும். எந்த ஓடைத் தண்ணீரிலும் பாறைகளிலிருந்து கரைந்த தாதுக்கள் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நாம் இனிப்பு என்று சொல்லும் மலைத் தண்ணீருக்கும் இது பொருந்தும். கலிங்கு வழியாக நீர் வெளியேறும்போது அந்தத் தாதுக்களும் கூடவே போய்விடும். கலிங்கை அடைத்துவிட்டால்? தண்ணீர் வெளியேற ஒரே வழி ஆவியாவது. ஆவி தனியாகப் போகும், உப்பு தங்கிவிடும். அடுத்த ஆண்டும் ஓடைகள் கொஞ்சம் உப்பைக் கொண்டுவரும், அதுவும் தங்கும். இப்படிச் சில ஆயிரம் ஆண்டுகள் போனால் போதும். பாங்காங்குக்கு இன்று கலிங்கு இல்லை. உள்ளே வரும் ஓடைகள் உண்டு. வெளியே போகும் ஆறு ஒன்றுகூட இல்லை.

இதற்கு அக்கம்பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பாங்காங்குக்குத் தென்மேற்கே, சுமார் 4,530 மீட்டர் உயரத்தில், ஒரே படுகையில் இரண்டு ஏரிகள் அடுத்தடுத்து உள்ளன. சின்னது ஸ்டார்ட்சாபுக், பெரியது சோ கார். சின்ன ஏரிக்கு வெளியேறும் வழி இருக்கிறது, அதன் தண்ணீர் பெரிய ஏரியில் போய் விழுகிறது. அதனால் சின்னது நன்னீர். பெரிய ஏரியிலிருந்து நீர் போக வழியில்லை. அதன் கரையில் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்துக் கிடக்கும். சாங்பா மேய்ப்பர்கள் முன்பு அந்த உப்பை வாரி எடுத்து விற்றார்கள். இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே பாறை, ஒரே பனி. வெளியேறும் வழி இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம். சோ காரில் இரண்டு ஏரிகளாகப் பிரிந்து நடப்பது பாங்காங்கில் ஒரே ஏரிக்குள் நடக்கிறது. பெரிய ஆறுகள் கிழக்கில், ருதோக் பக்கம் வந்து சேருகின்றன. அந்தத் தண்ணீர் குறுகலான கழுத்துகள் வழியே ஒரு நீர்ப்பரப்பிலிருந்து அடுத்ததற்கு மேற்கு நோக்கி நகர்கிறது. போகிற வழியெல்லாம் ஆவியாகிக்கொண்டே போகிறது. கடைமடையான மேற்கு முனைக்கு வந்து சேரும்போது தண்ணீர் குறைந்து உப்பு கூடியிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மேற்கு முனையில்தான் ஒரு காலத்தில் கலிங்கு இருந்தது.

லேவிலிருந்து பாங்காங்குக்குப் போகும் சாலை சாங்லா கணவாயைக் கடந்து டாங்சே ஊருக்கு இறங்கி, முக்லிப் வழியாக ஒரு பள்ளத்தாக்கில் ஏறி லுகுங்கில் ஏரியைத் தொடும். சுற்றுலாப் பயணிகள் ஏரி எப்போது தெரியும் என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே போகும் அந்தப் பள்ளத்தாக்குதான் ஏரியின் பழைய வடிகால். அன்றைக்குப் பாங்காங்கின் உபரி நீர் இவ்வழியே ஷியோக் ஆற்றில் விழுந்து, சிந்துவில் கலந்து, அரபிக்கடல் வரை போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காரகோரம் மலைகளை அளந்த ஹென்றி காட்வின் ஆஸ்டின் 1863இல் இந்த ஏரிப் பகுதியைச் சர்வே செய்தார். அக்காலப் பயணிகளின் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்னப் பொருள் நத்தை ஓடு. கரையோரத்தில், இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே, சாம்பல் நிறக் களிமண் படிவுகள் இருக்கின்றன. அவற்றைக் கிளறினால் விரல் நகம் அளவுக்கு, காகிதம் போல் மெல்லிய, வெளிறிய ஓடுகள் உதிரும். அவை நன்னீரில் மட்டுமே வாழும் நத்தைகள். இன்றைய மேற்குப் பாங்காங்கில் அவற்றால் வாழ முடியாது. ஆகவே அந்தக் களிமண் படிந்த காலத்தில் இந்த முனையிலும் ஏரி நன்னீராக இருந்திருக்க வேண்டும். நன்னீராக இருக்க வேண்டுமானால் வடிகால் இருந்திருக்க வேண்டும். நகத்தளவு ஓட்டை வைத்துக்கொண்டு ஓர் ஆற்றையே மீட்டெடுத்த இந்தத் தர்க்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

வடிகாலை அடைத்தது எது என்பதில் பெரியவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. காஷ்மீர் மகாராஜாவிடம் பணியாற்றிய பிரெடரிக் ட்ரூ, பக்கவாட்டு ஓடைகள் அடித்துக்கொண்டு வந்து கொட்டிய கல்லும் மணலும் பள்ளத்தாக்கை மறித்துவிட்டன என்று 1875இல் வந்த தன் நூலில் எழுதினார். அமெரிக்கப் புவியியலாளர் எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன் 1906இல் எழுதிய கட்டுரையில், ஏரிப்படுகையையே பனியாறுகள்தான் குடைந்து ஆழமாக்கின என்று வாதிட்டார். இன்று அங்கே போய்ப் பார்ப்பவர் கண்ணுக்கு ட்ரூ சொன்னது எளிதாகப் படும். மலை இடுக்கு ஒவ்வொன்றின் வாயிலும் விசிறி விரித்தது போல் கல்லும் மணலும் பரந்து ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்பாங்மிக் கிராமமே அப்படி ஒரு விசிறியின் மேல்தான் இருக்கிறது. பள்ளத்தாக்கு இத்தனை நீளமாக, நேராக அமைந்ததற்குக் காரணம் இன்னும் கீழே இருக்கிறது. இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டியதில் பூமியின் மேலோடு விரிசல் விட்டு, ஒரு பக்கம் மறுபக்கத்தை உரசிக்கொண்டு வழுக்கியது. காரகோரம் பிளவு என்று அழைக்கப்படும் அந்த நீண்ட விரிசலின் ஒரு கிளை ஏரியின் தென்மேற்குக் கரையை ஒட்டியே ஓடுகிறது. பிளவில் நொறுங்கிய பாறையை ஆறும் பனியும் அரிப்பது எளிது.

கரைகளில் இன்னொன்றையும் கவனிக்கலாம். மலைச்சரிவில், தண்ணீருக்கு மேலே பல மீட்டர் உயரத்தில், கிடைமட்டமாகக் கோடுகள் தெரியும். அவை பழைய கரைகள். ஒவ்வொரு காலத்திலும் நீர்மட்டம் நின்ற இடத்தில் அலைகள் அரித்த தடம். பனியுகம் முடிந்து மழைக்காற்று வலுத்த காலத்தில் ஏரி மிக உயர்ந்து நின்றது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் அது அடைப்பை உடைத்துக்கொண்டு டாங்சே பள்ளத்தாக்கு வழியாகப் பெருவெள்ளமாகப் பாய்ந்தது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் கிடக்கும் பெரிய பெரிய உருண்டைப் பாறைகளை வைத்துப் போட்ட கணக்கு அது. பிறகு தட்பவெப்பம் வறண்டது, நீர்மட்டம் விளிம்புக்குக் கீழே இறங்கியது, வழிவது நின்றது. வடிகால் அடைபட மண் மட்டும் காரணமில்லை, வானமும் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று இமயத்தின் தெற்குச் சரிவிலேயே தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிடுகிறது. லேவில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 10 சென்டிமீட்டர்தான். வறண்ட காற்றும் கடும் வெயிலும் ஓயாத பிற்பகல் காற்றும் ஏரியிலிருந்து உறிஞ்சுவது அதைப்போல் பல மடங்கு. அந்தப் பற்றாக்குறையைப் பனியும் பனியாறுகளும் உருகி வரும் ஓடைகள் ஈடுகட்டுகின்றன.

குளிர்காலத்தில் இந்த உப்பு ஏரி முழுவதுமாக உறைந்துவிடும். உப்புத் தண்ணீர் எளிதில் உறையாது என்று படித்திருக்கிறோமே, எப்படி? நன்னீர் நான்கு டிகிரியில் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே மிதக்கும். அதனால்தான் குளங்கள் மேலிருந்து உறைகின்றன. உப்பு சேரச் சேர, மிக அடர்த்தியான அந்த வெப்பநிலை கீழே இறங்கும், உறைநிலையைவிட வேகமாக இறங்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 25 கிராம் உப்பைத் தாண்டினால் இரண்டும் ஒன்றையொன்று கடந்துவிடும். கடல் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறது. அதன் மேற்பரப்பு குளிர்ந்தால் கனத்து அமிழும், கீழிருந்து சூடான நீர் மேலே வரும். அதனால் உறைவது தாமதமாகும். பாங்காங் 11 கிராமில், கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. அதன் நீர் சுமார் ஒன்றரை டிகிரியில் மிக அடர்த்தி, பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே உறைநிலை. உப்பாக இருந்தாலும் நடத்தையில் நன்னீர்தான். அந்த மெல்லிய குளிர்ந்த மேலடுக்கை லடாக்கின் இரவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. பனிப்படலம் எவ்வளவு தடிமன் ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2023 பிப்ரவரியில் உறைந்த ஏரியின் மேல் 21 கிலோமீட்டர் அரை மாரத்தான் ஓட்டம் நடத்தினார்கள்.

கோடையில் ஏரியின் நீலத்தைப் படத்தில் பார்ப்பவர்கள் நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவதுண்டு. பல படங்களில் கூட்டித்தான் இருக்கிறார்கள். ஆனால் கூட்டாமலே அது போதுமான அளவு நீலம். தண்ணீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு நீலத்தைத் திருப்பி அனுப்பும். ஆழமும் தெளிவும் இருந்தால் அது கண்ணுக்குத் தெரியும். நம் ஊர் ஏரிகள் பச்சையாகவோ செம்மண் நிறமாகவோ இருப்பதற்குக் காரணம் பாசியும் வண்டலும். பாங்காங்கில் பாசிக்கு உணவு குறைவு, குளிர் அதிகம். கரையோர ஆழமில்லாத இடத்தில் வெளிர்பச்சை, கொஞ்சம் தள்ளி மயில் நீலம், நடுவில் கருநீலம் என்று நிறம் பட்டை பட்டையாக மாறுவது பெரும்பாலும் ஆழத்தின் வேலை. மேகம் ஒன்று கடந்தால் எல்லாம் ஈய நிறமாகிவிடும்.

அத்தனை தெளிவு என்றால் உள்ளே உயிர் குறைவு என்றுதான் பொருள். மேற்கு முனையில் மீன் கிடைப்பதில்லை. சிறு இறால் வகை உயிர்கள் இருக்கின்றன. நன்னீர் ஓடைகளில் வாழும் மலை மீன்கள் உப்பு தொடங்கும் இடத்தோடு நின்றுவிடுகின்றன. இப்படிப்பட்ட உயர்மலை ஏரிகளில் உப்பையும் குளிரையும் விடப் பெரிய எதிரி சில சமயம் வெளிச்சம்தான். ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். மீனில்லாத மலை ஏரிகளில் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் கோப்பிபாட் என்ற நுண்ணிய மிதவை உயிர்கள் சிவப்பாக இருப்பதைக் காணலாம். காரட்டில் உள்ள நிறமியின் உறவுக்கார நிறமி அது, கதிர்வீச்சின் சேதத்தைத் தாங்க உதவுகிறது. மீன் இருக்கும் ஏரிகளில் சிவப்பாக இருந்தால் மீன் கண்ணில் பட்டுவிடும், அங்கே அவை வெளிறியே இருக்கும். வெயிலா மீனா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய பிழைப்பு. 

தண்ணீருக்கு மேலே கதை வேறு. வரித்தலை வாத்து லடாக், திபெத், மங்கோலியா என விரிந்த உயர்நிலத்து நீர்நிலைகளின் ஓரம் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி இந்தியச் சமவெளிக்கு வருகிறது. வெள்ளைத் தலையில் குறுக்காக இரண்டு கருப்புக் கோடுகள். ஒருமுறை பார்த்தால் மறக்காது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கும் இவை வரும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத அந்த ஊர்க்காரர்களுக்கு இது பழகிய விருந்தாளி. எவரெஸ்டுக்கு மேலே பறக்கும் வாத்து என்று பல காலம் சொல்லி வந்தார்கள். கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகள் அதைக் கொஞ்சம் அடக்கின. பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். பெரும்பாலான நேரம் அதைவிட மிகத் தாழ்வாகவே பறக்கின்றன. நேர்கோட்டில் உயரே போவதில்லை. மலை ஏறினால் ஏறி, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கி, தரையை ஒட்டியே போகின்றன. ஏறிய உயரத்தை விட்டுவிட்டு மறுபடி ஏறுவது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் மெல்லிய காற்றில் மிதந்து நிற்பதே பெரும் உழைப்பு, அடர்த்தியான காற்றில் இறங்கிப் பறப்பதுதான் லாபம் என்று அவற்றின் இதயத் துடிப்பை அளந்தவர்கள் காட்டினார்கள். இரத்தத்திலும் ஒரு திருத்தம் உண்டு. ஹீமோகுளோபின் புரதச் சங்கிலி ஒன்றில் 119ஆவது இடத்தில் மற்ற வாத்துகளுக்குப் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்க, இவற்றுக்கு அலனைன் இருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் ஆக்சிஜனைப் பிடிக்கும் பிடி இறுகுகிறது.

கருங்கழுத்துப் பெருங்கொக்கும் இந்தச் சாங்தாங் மேட்டு நிலத்துக்கு வரும். ஏரிகளை ஒட்டிய சதுப்புப் புல்வெளிகளில் கூடு கட்டும். லடாக் யூனியன் பிரதேசத்தின் பறவை அது. அதன் குஞ்சுகளுக்கு இப்போது பெரிய ஆபத்து நரியும் ஓநாயும் அல்ல, நாய். ராணுவ முகாம்களும் சுற்றுலாக் கூடாரங்களும் போடும் மிச்சச் சோற்றில் பெருகிய தெருநாய்கள் கூடுகளையும் மர்மோட்டுகளையும் வேட்டையாடுகின்றன. 2009இல் வெளியான 'த்ரீ இடியட்ஸ்' இந்திப் படத்தின் கடைசிக் காட்சி பாங்காங் கரையில் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு கூட்டம் கூடியது, கரையில் அந்தக் காட்சியில் வருவது போன்ற மஞ்சள் ஸ்கூட்டரை நிறுத்திப் படம் எடுப்பது ஒரு தொழிலானது. அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் கூடாரங்களின் கழிவுநீர்க் குழிகள் நிற்பது கல்லும் மணலும் கலந்த அந்த விசிறிகளின் மேல். நீர் அதில் எளிதாக ஊறி இறங்கும், இறங்கி ஏரிக்குத்தான் போகும். ஓடும் ஆற்றில் விழுந்த அழுக்கை ஆறு கீழே தள்ளிவிடும். இங்கே கீழே என்று ஓர் இடம் இல்லை. ஏரியிலேயே மிகத் தேங்கிய மேற்கு முனையில்தான் இந்தியப் பக்கத்துச் சுற்றுலா முழுவதும் இருக்கிறது.

நீர்மட்டம் குறைகிறதா என்று பலரும் கேட்பார்கள். பருவநிலை மாற்றம் என்றதும் வற்றுவதுதான் நினைவுக்கு வரும். திபெத்திய மேட்டு நிலத்தில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. 1990களின் பிற்பகுதியிலிருந்து அங்குள்ள மூடிய ஏரிகள் பலவும் பெருத்து வருகின்றன. மழை கூடியதும் பனியாறுகள் வேகமாக உருகுவதும் காரணம். உருகுவதால் கூடும் நீர் சேமிப்பிலிருந்து எடுத்த நீர். பாங்காங் பகுதியின் 87 பனியாறுகளைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்த ஓர் ஆய்வு, 1990 முதல் 2019 வரை அவற்றின் பரப்பு ஏறத்தாழ 6.7 சதவீதம் சுருங்கியதாகக் காட்டுகிறது. இந்தப் பனியாறுகளில் பலவும் சிறியவை. அவை தீர்ந்தபின் ஏரிக்கு வருவது ஆண்டுப் பனியும் அந்தந்த ஆண்டு மழையும்தான். வரத்து குறைந்தால் நீர்மட்டம் இறங்கும், உப்பு முதலில் மேற்கு முனையில் ஏறும், பிறகு குறுகிய கழுத்துகளைத் தாண்டிக் கிழக்கே நகரும்.